ஒரே தாளம், இரண்டு 'நான்'

பாண்டிமீனாவுக்குக் கோரிப்பாளையத்தில் வேலை. ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். சோழவந்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசையப் பாட்டு வரிகள் கட்டுவாள். இந்தப் பெண் ஏதோ மந்திரம் சொல்கிறது என்று பயந்து தள்ளி உட்கார்ந்தவர்களும் உண்டு. அவள் கட்டியது ராப்.

இருபத்து மூன்று வயதில் முதல்முறையாக ராப் போட்டி மேடை ஏறினாள். எதிரே நிற்பவரைச் சொல்லாலேயே மட்டம் தட்ட வேண்டும். அதற்கு 'டிஸ்' என்று பெயர். எதிரே நின்ற ராஜபாண்டி அதில் கைதேர்ந்தவன். அவளுடைய அம்மா மலையம்மாள் அடுத்தவர் வயலில் நாற்று நடுகிறவர் என்பதை யாரிடமோ கேட்டு வைத்திருந்தான். சேற்றில் நிற்க வேண்டியவளுக்கு மேடை எதற்கு என்று நாலு வரி பாடினான். எதுகை சுத்தமாக விழுந்தது. விசில் பறந்தது. பாண்டிமீனாவிடமும் பதில் இருந்தது, அவனுடைய அம்மாவை வைத்து. அது நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். அதன்பிறகு ஆறு மாதம் ஒரு வரியும் எழுதவில்லை.

அதே பிரிவில் சீனியர் எபநேசர். மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, சபைப் பாடகர். இயேசுவைப் பற்றி ராப் எழுதி, கோச்சடையில் தன் வீட்டு மாடி அறையில் பதிவு செய்வார். அவள் ராப் கட்டுவது அவருக்குத் தெரியும். ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்.

"மீனா, எங்க வாலிபர் கூட்டத்துக்கு ஒரு பாட்டு எழுதித் தாயேன்."

"நான் உங்க ஆளு இல்லியேண்ணே."

"தாளம் எந்த ஆளுன்னு யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா. பிடிக்கலைன்னா போயிரு."

போனாள். எபநேசர் தன் பாட்டு ஒன்றை ஓடவிட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராஜபாண்டி பாடிய அதே மாதிரி பீட்டு, அதே தாளம், அதே அதிரும் பேஸ் ஒலி. மேலே ஏறிய சொற்கள்தான் வேறு. அங்கே ஒவ்வொருவனும் 'நான்தான் கெத்து' என்றான். இங்கே 'நான் தூசி, நான் புழு' என்றது பாட்டு.

"உங்க ஆளுக பாட்டு எப்படிண்ணே இருக்கு, உண்மையாச் சொல்லுங்க" என்றாள்.

எபநேசர் சிரித்தார். "பாதிப் பேரு பிரசங்கத்தத் தூக்கி பீட்டு மேல வச்சுட்டுப் போயிருவாங்க. வேர்வை வாடையே இருக்காது. உங்க ஆளுக தெருவ அப்படியே கொண்டாந்து நிறுத்துறாங்க, அதுல எனக்குப் பொறாமைதான்."

"எங்காளுக பாட்டுலயும் கெட்ட வார்த்தையும் பீத்தலும் போக மிச்சம் கொஞ்சம்தான்."

எழுத உட்கார்ந்ததும் சண்டை வந்தது. பல்லவியில் 'நான் புழு' வேண்டும் என்றார் அவர். பாண்டிமீனா பேனாவை மூடி வைத்தாள்.

"அத மட்டும் எழுத மாட்டேண்ணே. எங்க ஆத்தாவ வரப்புல நின்னு எம்புட்டோ பேரு அப்படித்தான் கூப்புட்டாக. அதையே சாமி முன்னாடியும் சொல்லச் சொல்றீகளா?"

தாழ்மை என்று எபநேசர் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த சொல் வேறொருவர் காதில் இப்படி விழும் என்று அவர் நினைத்ததே இல்லை. பிறகு மெதுவாக, பதினெட்டு வருடம் கூனிக்கிடந்த ஒரு பெண்ணை இயேசு கூப்பிட்டு நிமிர்த்திய கதையைச் சொன்னார். பாண்டிமீனா அதை இரண்டு முறை கேட்டாள். அன்று மதியமே எழுதினாள்:

நாத்து நட்டு வளைஞ்ச முதுகு,
நாலு பேருக்கு ஒதுங்குன முதுகு,
நிமிருன்னு ஒரு சொல்லு வந்துச்சு,
நிமிந்து பாத்தேன், வானம் இருந்துச்சு.

"யாரு சொன்ன சொல்லு?" என்று கேட்டார் எபநேசர்.

"உங்களுக்கு உங்க ஆண்டவர். எனக்கு எங்க ஆத்தா. எட்டு வயசுல ஒரு வீட்டு வாசல்ல நான் கூனி நின்னப்ப, நிமிந்து நில்லுடின்னு முதுகுல ஒரு அடி வச்சுச்சு."

அவர் அந்த வரியை மாற்றச் சொல்லவில்லை.

சபையில் அதை இருவரும் சேர்ந்து பாடினார்கள். பெரியவர் ஒருவர் முடியும்வரை நெற்றியைச் சுருக்கியபடி இருந்தார்; வெளியே வந்ததும், 'அடுத்த தடவை கர்த்தர் பேரை வெளிப்படையாகவே சொல்லலாமே' என்றார். பின்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடி போட்டிக்குப் போனாள். குலுக்கலில் ராஜபாண்டியே எதிரே வந்தான். பழைய வரிகளையே கொஞ்சம் கூர்தீட்டி வந்திருந்தான். அவன் முடித்ததும் பாண்டிமீனா அவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சேற்றில் நின்ற அந்த முதுகைப் பாடினாள். முதலில் கூட்டத்துக்குப் புரியவில்லை. டிஸ் எங்கே என்று ஒருவன் கத்தினான். பல்லவி மூன்றாவது தடவை வந்தபோது 'வானம் இருந்துச்சு' என்பதைக் கூட்டமே திருப்பிச் சொன்னது. அந்தச் சுற்றில் அவள்தான் ஜெயித்தாள். இறுதிப் போட்டியில் தோற்றாள், அது வேறு.

படியிறங்கும்போது ராஜபாண்டி பின்னாலேயே வந்தான்.

"அன்னைக்கு உங்கம்மாவப் பேசினது தப்பு" என்றான், செல்போனைப் பார்த்தபடி. "எங்கம்மாவும் கொத்து வேலதான், செங்கல் சொமக்குது."

"அப்ப அத எழுது."

"எழுதத் தெரியலியே. திட்டத்தான் வருது."

பாண்டிமீனா கூப்பிட, அடுத்த ஞாயிறு அவனும் கோச்சடை மாடிக்கு வந்துவிட்டான். இப்போது மூவரும் ஆறு பாட்டு பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். மூன்றில் ஆண்டவர் பெயர் இருக்கிறது, மூன்றில் இல்லை. எது பாட்டு, எது பிரசங்கம், எது வெறும் பீத்தல் என்று வாரந்தோறும் வாக்குவாதம் நடக்கிறது. எபநேசரின் மனைவி இட்லி வைத்தால்தான் ஓயும்.

பதிவான முதல் பாட்டை மலையம்மாளின் காதில் ஹெட்போன் வைத்துப் போட்டுக் காட்டினாள் பாண்டிமீனா. அவர் முழுதும் கேட்டார். பிறகு கழற்றிக் கொடுத்தார்.

"என்னப் பத்தித்தான பாடுற? இம்புட்டு வேகமாப் போனா நான் எப்படித்தா புடிக்க? கொஞ்சம் நிதானமாச் சொல்லு."

மறுவாரம் தாளத்தைக் குறைத்து, அந்தப் பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள்.