அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் காடு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர் பலர் அவரைச் சமையலுக்காகவும் கண்டிப்புக்காகவும் அறிவீர்கள். வீட்டுக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லவே அவருடைய ஒரே தம்பியான நான் இதை எழுதுகிறேன்.

அக்கா சாவகச்சேரியில் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பள்ளி மாணவி. படிப்பை நிறுத்தி, தையல் தைத்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்தபோது எங்கள் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. எப்படியோ கரை சேர்ந்தோம். ஆனால் அதன்பிறகு வெகுகாலம் அக்கா தண்ணீரில் கால் வைத்ததில்லை. பின்னர் திருமணமாகி ரொறன்ரோ வந்து, மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடியில் குடியேறி, உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்களையும் தன்னிடம் அழைத்துக்கொண்டார்.

சில ஆண்டுகளில் அவருக்கு நீரிழிவு என்னும் சீனி வருத்தம் வந்தது. தினமும் நடக்கும்படி மருத்துவர் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்திருந்த பள்ளத்தாக்குப் பூங்காவில் அத்தானோடு நடக்கத் தொடங்கினார். அத்தான் முதல் வாரமே முழங்காலைக் காரணம் காட்டி நின்றுவிட்டார். துணை தேடிய அக்கா, தொழிற்சாலையில் தன் பக்கத்தில் நின்று வேலை செய்த ரோசாவைக் கூப்பிட்டார்.

ரோசா கணவரோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் கொலம்பியாவிலிருந்து அகதியாக வந்தவர். இருவருக்கும் பொதுமொழி ஆங்கிலம். அது இருவரிடமும் அரைகுறைதான். “அந்தக் காட்டுக்குள் எங்களைப் போன்றவர்களை விடுவார்களா?” என்று ரோசா கேட்டாராம். பூங்கா வாசலில் நின்ற அறிவிப்புப் பலகை அவருக்கு விளங்கவில்லை. அனுமதி இல்லாமல் நுழைந்து பிடிபட்டால் அகதி வழக்கு கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறார்.

அன்று மாலையே, அப்போது தனிவீட்டில் இருந்த எனக்கு அக்கா தொலைபேசி எடுத்தார். “தம்பி, அந்தப் பிள்ளை மரத்தைப் பாக்கவே பயப்பிடுது. உந்த போர்டில என்னதான் கிடக்கெண்டு வந்து வாசிச்சுச் சொல்லு.”

போய் வாசித்தேன். நாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு நடக்கவும், குப்பையைத் தொட்டியில் போடவும் என்று எழுதியிருந்தது. அக்கா வயிறு குலுங்கச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு ரோசா குடும்பத்தோடு வந்தார். பிறகு அவருடைய தேவாலயத்து நண்பர்கள் வந்தார்கள். எக்குவடோர், எல் சல்வடோர், மெக்சிகோ என்று பல நாட்டவர்கள். எங்கள் ஆட்களைப் போலத்தான், தனியாகவும் வரமாட்டார்கள், வெறுங்கையோடும் வரமாட்டார்கள். நெருப்பில் சோளம் வாட்டும் வாசனை வந்ததும் அத்தானின் முழங்கால் சுகமாகிவிட்டது. அக்கா ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போவார். நல்வரவு சொல்ல “பியென்வெனிதோஸ்” என்ற ஸ்பானியச் சொல்லைப் பழகி, அதைச் சாவகச்சேரி இழுவையோடு உரக்கச் சொல்வார். அவர்களின் நேரம் தவறும் பழக்கத்தை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. பத்து மணிக்கு வரவேண்டியவர்களிடம் ஒன்பது என்று சொல்லிவைப்பார்.

ஒரு கோடைநாளில் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து, பாட்டுப் போட்டுச் சாப்பிடும்போது, வழியால் போன ஒருவர் நின்று சத்தமிட்டார். இது பூங்கா, உங்கள் சந்தை அல்ல, முறைப்பாடு செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பெல்லாம் அடங்கியது. ரோசாவின் கணவர் அடுப்புக் கரியில் தண்ணீர் ஊற்றினார். அந்த மாதம்தான் அவர்களுடைய வழக்கு விசாரணை. பெண்கள் பாத்திரங்களை மூடத் தொடங்கினார்கள்.

“ஒருத்தரும் எழும்பாதேங்கோ!” என்றார் அக்கா, தமிழிலேயே. “சாப்பாட்டில கை வைச்சாச்சு. சாப்பிட்டிட்டுத்தான் எழும்புறது.”

மொழி விளங்காவிட்டாலும் அனைவரும் இருந்துவிட்டார்கள். பூங்கா ஊழியரான இளம்பெண் ஒருவர் வந்தார். அக்காவே முன்னால் போய், “நாங்கள் என்ன பிழை செய்தோம்? சொல்லுங்கள், திருத்துகிறோம்” என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் சுற்றிப் பார்த்தார். இது சமைக்க அனுமதியுள்ள இடந்தான், பாட்டை மட்டும் கொஞ்சம் குறையுங்கள் என்றார். போகும்போது இரண்டு ரோல்ஸும் கொண்டுபோனார். அதன்பின் அவரே அக்காவைத் தொண்டராக வரச் சொன்னார். பல குடும்பங்கள் வாசல்வரை வந்து தயங்கித் திரும்புகின்றன, அவர்களை வரவேற்க உங்களைப் போல ஓர் ஆள் வேண்டும் என்றார். தொண்டருக்கான பச்சை மேற்சட்டையை அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் தேய்த்து மினுக்கி வைப்பார்.

ஒருமுறை அக்கா தொண்டர் வேலையாக எல்லோரையும் சிறுதோணியில் போக ஏரிக்கு அழைத்துப் போனார். பெண்கள் தயங்கினார்கள். “நீ ஏறினால் நாங்களும் ஏறுவோம்” என்று ரோசா சொல்லிவிட்டார். அவருக்குப் பழைய கதை தெரியாது. அக்கா மிதவை அங்கியை மாட்டினார்.

“தம்பி, நீ பின்னால இரு. கவிண்டால் உன்னைத்தான் பிடிப்பன்.”

கண்களை இறுக மூடி, “முருகா, முருகா” என்றபடி வந்தவர், நடு ஏரியில்தான் கண் திறந்தார். “இவ்வளவு வடிவா இருக்குதே, ஏன்டா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?” என்றார். அதன்பின் அவரைக் கரைக்குக் கூட்டிவருவதுதான் கஷ்டமாகிவிட்டது. ரோசாவும் மற்றப் பெண்களும் அன்று வரிசையில் நின்று தோணி ஏறினார்கள்.

புற்றுநோய் வந்தபிறகு அக்காவும் அத்தானும் பக்கத்து நகரான அஜக்ஸில் எங்கள் வீட்டில் இருந்தார்கள். அக்காவால் நடக்க முடியாமல் போனபோது, ரோசாவின் குடும்பம் அவரைக் காரில் பூங்காவுக்குக் கூட்டிப்போய், சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியது. பிந்தி வந்ததற்காக அப்போதும் ஏச்சு வாங்கினார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு காலைப்பொழுது, அத்தான் கையைப் பிடித்திருக்க, அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

அவரைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், துயர்நாட்களில் உணவு கொண்டுவந்த அயலவர்கள், இறுதிக்கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரோசா குடும்பத்துக்கு நன்றி என்ற சொல் போதாது.

ஞாயிறு நடை இப்போது ரோசாவின் பொறுப்பில் நடக்கிறது. போன மாதம் நானும் போயிருந்தேன். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தமிழ்க் குடும்பம், உள்ளே வரலாமா என்று தெரியாமல் வாசலில் நின்றது. நான் அவர்களிடம் போவதற்குள் ரோசா போய்விட்டார்.

“வாங்கோ, வாங்கோ! சாப்பிட்டிட்டீங்களோ?”

அந்தக் குடும்பத்துப் பெண் திகைத்துப்போனார். “ஓம்... நீங்கள் தமிழோ?”

“இல்லை” என்றார் ரோசா. “என்ரை அக்கா தமிழ்.”