சங்கக் கூட்டத்தில் ஒலித்த சீரியல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் சீரியல் பார்ப்பவன். அலமாரி கொள்ளாத புத்தகங்களும், சீரியல் சமூகத்தைக் கெடுக்கிறது என்று குடியிருப்பு வாட்ஸப் குழுவில் எழுதிய மூன்று பத்திகளும் ஒரு பக்கம். தினமும் ஏழரைக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போனில் சீரியல் பார்த்தது இன்னொரு பக்கம். நடைப்பயிற்சி என்று மனைவி நம்பினாள். தொப்பை நம்பவில்லை.

சேலையூரில் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பு எங்களுடையது. வேறு யாரும் சிக்காததால் நான் சங்கச் செயலாளர். மழைக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்துத் தண்ணீரை இறைக்க மோட்டார் வாங்குவது பற்றி, ஒரு சனிக்கிழமை ஏழு மணிக்குச் சங்க அறையில் கூட்டம் வைத்தேன். கதாநாயகி விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற நாள் அது என்பது பிறகுதான் உறைத்தது.

வந்தவர்கள் மூன்றே பேர். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் முதல் மாடிக்காரர், அவர் மனைவி, இரண்டாம் மாடி டீச்சர். கணவர் இறந்த இந்த ஒரு வருடத்தில் டீச்சர் சர்ச்சுக்குத் தவிர வெளியே வந்ததில்லை. அன்று வந்ததும் மோட்டாருக்காக அல்ல. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் மகளிடம் போகிறார். அதற்குச் சங்கத்தின் கடிதம் வேண்டும்.

“அங்க போக இஷ்டமா டீச்சர்?” என்றார் முதல் மாடி அம்மா.

“இஷ்டம் எங்கம்மா? அங்கயும் பகல் பூரா தனியாத்தான். இங்க என்கிட்ட பேசுறது லிஃப்ட் ஒண்ணுதான். அதுவும் கதவை மூடுன்னுதான் சொல்லுது.”

கடிதம் தருவதாகச் சொன்னேன். செயலாளருக்கு வேறென்ன தெரியும்?

ஏழரை ஆனது. மினிட்ஸ் நோட்டுக்குள் போனைச் சாய்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒலியைக் குறைத்துச் சீரியலைப் போட்டேன். சங்கத்தின் புளூடூத் ஸ்பீக்கரில் என் போனை மாலையில் இணைத்ததே நான்தான் என்பது மறந்துவிட்டது.

“நான் உங்க வீட்டு வேலைக்காரி இல்ல!” என்று அறையே அதிரக் கதாநாயகி அலறினாள்.

“இன்னா சார், சீரியல் வாணாம்னு மூணு பத்தி எழுதுனது நீங்கதான?” என்றார் லேத்காரர்.

நான் அணைப்பதற்குள் டீச்சர் எழுந்துவிட்டார். “நிறுத்தாதீங்க சார்! கையெழுத்து போட்டாளா?”

“எங்க டீச்சர்? மூணு நாளா பேனாவத்தான் புடிச்சிகினு கீறா.”

லேத்காரரின் மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். “யோவ், பட்டறைல ஓவர்டைம்னு சொன்னது இதுக்குத்தானா?”

தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். மாமியார் இதுவரை செய்த அக்கிரமங்களை டீச்சர் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினார். விளம்பர இடைவேளையில் மோட்டார் தீர்மானம் நிறைவேறியது.

திங்கட்கிழமை ஏழரைக்கு டீச்சர் வறுத்த கடலையோடு சங்க அறையில் இருந்தார். யாரோ பழைய டிவி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஒரு மாதத்தில் ஒன்பது பேர் ஆனோம். மழையில் கரண்ட் போன நாளிலும் ஏழரைக்கு ஒன்பது பேரும் வந்து, இருட்டில் உட்கார்ந்து மாமியாரைத் திட்டினோம்.

டீச்சரின் கடிதம் என் பையிலேயே கிடந்தது. ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு நீட்டினேன்.

“நீங்களே வச்சுக்குங்க சார். இப்போதைக்கு வரலன்னு மககிட்ட சொல்லிட்டேன்.”

வெகுஜனக் கலை மனிதர்களை எப்படிச் சேர்க்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஒண்ணே ஒண்ணு சார். நாளைலேர்ந்து கடைசி வரிசைல உக்காருங்க. நீங்க அழுது மூக்கை உறிஞ்சுற சத்தத்துல வசனமே கேக்க மாட்டேங்குது.”