காசிம் பாய் விட்டுவைத்த கடைசி வரி

சனிக்கிழமை காலை, கம்பெனியில் சூப்பர்வைசரின் செல்போனில் எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் காசிம் பாயின் மைத்துனர். "பாய் மௌத்தாயிட்டாரு. வண்டில கொடம் கட்டிக்கினு இருந்தாரு, அப்டியே உக்காந்துட்டாரு. சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம்."

"எந்தக் காசிம் பாய்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த காசிம் பாய் ஒருவர்தான்.

முந்தாநாள் மாலைதான் எங்கள் வீட்டில் ஒரு வாளி விற்றுவிட்டுப் போனார். அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட நாங்கள் இன்னும் கிழிக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியைச் சுற்றி அவரிடம் பிளாஸ்டிக் குடம் வாங்கியிருந்தால் உங்களுக்கே தெரியும், மொபெட் நின்றதும் பெண்களுக்கு முன்னால் பிள்ளைகள்தான் ஓடிவரும். பழவேற்காட்டிலிருந்து வரும் வழியில் கண்ட வாத்துக்கூட்டம், மோட்டார் கொட்டகை எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டி வருவார். மூன்று வரிதான் சொல்வார். "கடைசி வரி உங்க ஊட்டுது" என்பார். அதைப் பிள்ளைகள்தான் கட்ட வேண்டும்; ஒவ்வோர் ஊரிலும் அந்தப் பாட்டு வேறு மாதிரி முடியும்.

முந்தாநாள் வந்தபோது எங்கள் எருமைக்கே பாட்டு:

கம்பெனி பஸ்ஸு வந்தாச்சு
கறுப்பு எருமை படுத்தாச்சு
ஆரன் அடிச்சும் அசையல

என் மகள் செல்வி யோசிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் சும்மா இருப்பேனா? "பொறுமை நமக்கு வேணுமடா" என்றேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எருமை பேசலாம், பஸ்ஸு பேசலாம். நீ பேசாத நைனா."

"ஏன் பாய், நல்ல கருத்துதானே?"

"அதான் பேஜாரு. அது பாட்டுக்குப் படுத்துக்கினு கீது. அதுக்கு இன்னாத்துக்கு புத்தி?"

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "எருமைய நல்லா பாத்து வெச்சிக்கோ கண்ணு, ஞாயித்துக்கெழம வந்து கேட்டுக்கறேன்" என்று வண்டியை எடுத்தார்.

சனிக்கிழமை அந்த அழைப்பு வந்ததும், அடக்கத்துக்குப் போகச் சட்டை மாற்ற வீட்டுக்குப் போனேன். செல்வி எருமைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். வரி கிடைத்துவிட்டதாம். என்னிடம் சொல்ல மாட்டாளாம், நாளைக்குப் பாயிடம்தான் சொல்வாளாம். வழியெல்லாம் நீளமாக ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். "பாய் செத்துட்டாரும்மா" என்றேன்.

அவள் எருமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ அங்கதான போற?" என்றாள்.

"ஆமா."

"அப்ப நீ சொல்லிடு. மாத்திடாத."

காதில் சொன்னாள்.

பழவேற்காட்டில் எல்லோரையும் போல நானும் மூன்று பிடி மண் போட்டேன். கூட்டம் விலகியதும் குனிந்து செல்வியின் வரியைச் சொன்னேன்: "அசைபோட்டு இன்னும் முடிக்கல."

பழக்கதோஷம், என் பங்குக்கும் இரண்டு நல்ல வார்த்தை சேர்க்க வாயெடுத்தேன். சேர்க்கவில்லை.

திரும்பி வந்தபோது செல்வி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "மாத்தாம சொன்னியா?"

"மாத்தல."

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: பிள்ளை கடைசி வரியைத் தேடும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. அவர் இருந்தவரை ஒருநாளும் நான் அப்படி இருந்ததில்லை.