பேட்டரிதான் பிளாட்

இந்த ஊரில் என்னை வாத்து என்று கூப்பிடுகிறார்கள். "ஆல்ரைட், டக்?" என்று பஸ் கண்டக்டர் கேட்பான், ரொட்டிக் கடைக்காரி கேட்பாள், பீங்கான் ஆலை வாசலில் நிற்கிற காவலாளி கேட்பான். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க மாட்டார்கள். வந்த புதிதில் நான் நின்று, உடம்பு பரவாயில்லை, இருமல்தான் விடவில்லை என்று சொல்ல வாயைத் திறப்பேன். அதற்குள் ஆள் தெருமுனையில் இருப்பான். டக் என்பது இங்கே பிரியமான வார்த்தை என்று பிறகு தெரிந்தது. இருக்கட்டும். என்னைப் பிரியமாக வாத்து என்று கூப்பிட்டவர்களில் ஒருவரும் எனக்கு வாடகைக்கு ஓர் அறை கொடுக்கவில்லை. ஜன்னலில் 'அறை காலி' என்று அட்டை தொங்கும். நான் கதவைத் தட்டினால் அட்டை உள்ளே போய்விடும்.

அதனால் நானும் மனைவியும் கேரவனில் குடியிருந்தோம். ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கேரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற தகரப் பெட்டி. இங்கிலாந்துக்காரன் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவான். நாங்கள் அதில் பனிக்காலம் முழுவதும் இருந்தோம். ஸ்டோக் நகரத்துக்கு வெளியே ஒரு மைதானம், அதில் வரிசையாக இந்தப் பெட்டிகள். மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் பெர்சி என்கிற கிழவர். வெளியே, இழுக்கிற கம்பிக்கு மேல் ஒரு மரப்பெட்டியில் பேட்டரி இருக்கும். உள்ளே ஒரு சின்ன டியூப்லைட் அதில்தான் எரியும். இதற்கு லெஷர் பேட்டரி என்று பேர் என்றார் பெர்சி. லெஷர் என்றால் ஓய்வு, உல்லாசம். இராத்திரி முழுக்கச் சூளை வாயில் வெந்துவிட்டு வருகிறவனுக்கு உல்லாசப் பேட்டரி.

எனக்குச் சூளை வேலைதான் இந்த நாட்டுக்கு வேலைக்கு வர அனுமதிக்கிற வவுச்சரை வாங்கிக் கொடுத்தது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையில் கரண்ட் கம்பத்துப் பீங்கான் செய்துகொண்டிருந்தேன். கம்பத்து மேல் கம்பியைத் தாங்கிக்கொண்டு வெள்ளையாகக் குந்தியிருக்கிறதே, அந்தக் கிண்ணம். களிமண்ணை அச்சில் வார்த்து, காயவைத்து, மெருகு பூசி, சூளையில் அடுக்கி வேகவைப்போம். பக்கத்திலேயே நெய்வேலியில் நிலக்கரி வெட்டிக் கரண்ட் எடுத்தார்கள். அதைச் சுமக்கிற கம்பிக்கு நாங்கள் பீங்கான் செய்தோம். இங்கே வந்து டீ குடிக்கிற கோப்பையை வேகவைக்கிறேன். இந்த நாடு என்னைத் தூக்கிவிட்ட உயரம் அவ்வளவுதான்.

என் மனைவி ஜைத்தூனும் இங்கே வந்து சேர்ந்தாள், எங்கள் பிள்ளை இங்கேதான் பிறந்தான். பிறந்தது நல்ல பனிக்காலம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாற்பது நாள் கழிகிற வரைக்கும் பச்சைப் பிள்ளை படுத்திருக்கிற இடம் இருட்டாக இருக்கக் கூடாது. கேரவனில் கேஸ் விளக்கும் உண்டு. ஆனால் கதவை அடைத்துக்கொண்டு அதைக் கொளுத்தி வைத்துத் தூங்கினால் செத்துப்போவீர்கள் என்று பிள்ளையைப் பார்க்க வந்த நர்ஸ் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். எனவே ஜைத்தூன் டியூப்லைட்டைப் போட்டு வைத்தாள். பொழுது சாய்ந்ததும் போடுவாள், விடிந்ததும் நிறுத்துவாள். நம் ஊர்ப் பழக்கம். நம் ஊரில் இரவு என்றால் ஓர் அளவு உண்டு. இங்கே பனிக்காலத்தில் சாயங்கால டீ நேரத்திலேயே இருட்டிவிடும். விடிவது நான் நைட் ஷிப்டு முடிந்து வந்து சேர்கிற நேரத்துக்கு. நாளில் பெரும்பாதி இருட்டுதான். அந்த வழக்கத்தை உண்டாக்கினவர்கள் இப்படி ஓர் இரவைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலை லாரி ஷெட்டுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றினால் ஒரு வாரம் ஓடுகிற பேட்டரி, பாதி வாரத்தில் உயிரை விட்டது.

ஒருநாள் காலை வேலை முடிந்து வந்தேன். ஜைத்தூன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, புதுச் சேலை உடுத்திக்கொண்டு, பிள்ளைக்குக் குல்லா மாட்டி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முகம் பூத்திருந்தது.

"என்னங்க, பிளாட்டு வந்துடுச்சு" என்றாள்.

"எந்தப் பிளாட்டு?"

"என்னையக் கேக்குறீங்க. வெடிகாலையில லைட்டு நின்னுடுச்சு. பெர்சி ஐயாவக் கூட்டியாந்து காட்டுனேன். வெளியில பொட்டியத் தொறந்து ஏதோ பாத்தாரு. பிளாட்டு, டக்குன்னாரு. பிளாட்டான்னு கேட்டேன். ஆமா, கம்ப்ளீட்டா பிளாட்டுன்னு தலைய ஆட்டுனாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"சாரின்னாரு. நாம போறமேன்னு வருத்தம் போலருக்குது."

நகரசபைக்காரர்கள் ஏழைகளுக்கு வாடகைக்கு விடுகிற அடுக்குவீட்டுக்குப் பிளாட் என்று பேர். அதற்கு எழுதிப்போட்டுவிட்டு நாங்கள் காத்திருந்தோம். எங்கள் பேச்சில் பாதி அதைப் பற்றித்தான். ஜைத்தூனுக்குத் தெரிந்த சொற்ப இங்கிலீஷில் முதல் வார்த்தையே அதுதான். சார்ஜ் இறங்கிப்போன பேட்டரிக்கும் இவர்கள் அதே வார்த்தையை வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"பேட்டரிதான் பிளாட்டு. செத்துடுச்சுன்னு அர்த்தம்."

அவள் பிள்ளையின் குல்லாவைக் கழற்றினாள். "வூட்டுக்கும் சாவுக்கும் ஒரே பேரு வெச்சிருக்கானுங்களே, இவனுங்க மனுசங்களா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கட்டின பெட்டியை அவிழ்க்கவும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் அவளுடைய அண்ணன் காதர் பர்மிங்காமிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தார். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். நாங்கள் டார்ச் லைட்டை மேலே பார்க்க நிறுத்திவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"மச்சான், நம்மூர்ல கோழிக்குஞ்சுக்குக்கூட குண்டு பல்பு போட்டு வெக்கிறாங்க" என்றார்.

"கோழிய அறுத்துத் தின்னப் போறவங்க போடுறாங்க" என்றேன்.

"வாய் மட்டும் பிளாட் ஆகல ஒங்களுக்கு." அந்தக் கதை அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. "இத பாருங்க மச்சான். நாப்பது முடிஞ்சதும் தங்கச்சியையும் புள்ளையையும் நான் கூட்டிட்டுப் போறேன். பிளாட்டு கெடச்சா வரட்டும். கெடைக்காட்டி நீங்க வாங்க."

நான் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அதை எழுத முடியாது. ஜைத்தூன்தான் நிறுத்தினாள். "சண்ட வேணாம். பேட்டரிய சரி பண்ணட்டும். சார்ஜ் நின்னா நானும் நிக்கிறேன். நிக்கலன்னா அண்ணங்கூடப் போறேன்" என்றாள். சண்டையில் வந்த பேச்சு அல்ல அது. முடிவு செய்துவிட்டுச் சொன்னாள்.

சார்ஜ் நிற்பது என்பது என்ன என்று எனக்கு ஊரிலேயே தெரியும். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு பாய் பேட்டரிக் கடை வைத்திருந்தார். கரும்பு ஏற்றி வருகிற பெண்ணாடத்து லாரிகள், கல்யாணத்துக்கு மைக்செட் கட்டுகிறவர்கள், எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள், எல்லாரும் அவரோடு சண்டை போடுவார்கள். ஒருமுறை ஒரு லாரிக்காரர் பேட்டரியைத் தொப்பென்று வைத்து, "நேத்துதானே சார்ஜ் போட்டுக் குடுத்தே, காலையில வண்டி எடுக்கல. என்னய்யா வேல பாக்குற?" என்று கத்தினார். பாய் பீடியை வாயிலிருந்து எடுக்காமல், "ஏத்துறதுதான் என் வேல. நிக்கிறது அது இஷ்டம். ஒம் பொண்டாட்டி கோச்சிக்கிட்டுப் போனாலும் எங்கிட்டதான் வருவியா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பேட்டரியைக் கழற்றி ஷெட்டுக்குத் தூக்கிப் போனேன். பேட்டரிக்குள் ஆறு அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி; ஆறையும் திறந்து பார்த்தேன். சார்ஜ் இறங்கின பேட்டரியில் ஆசிட் வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், பனியில் உறைந்துவிடும். ஓர் அறையில் மட்டும் மேலாகப் பனிக்கட்டி ஆடை கட்டியிருந்தது. உருக விட்டு, மெதுவாகச் சார்ஜ் ஏற்றினேன். அதையும் ஒழுங்காக ஏற்ற முடியவில்லை. நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த காலம் அது. கரண்ட் முறைவைத்து வந்து முறைவைத்துப் போனது. நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்க்காரன் இங்கிலாந்துக்கு வந்து, நிலக்கரி இல்லாமல் இருட்டில் பேட்டரி பக்கத்தில் குந்திக்கொண்டு கரண்டுக்காகக் காத்திருந்தேன். இதை ஊரில் சொன்னால் யார் நம்புவான்? லண்டன் கதை கேட்கிறவர்களுக்கு இதுவும் லண்டன் கதைதான்.

ஏற்றி முடித்த உடனே பார்த்தால் எந்தப் பேட்டரியும் நன்றாக இருக்கிற மாதிரி பொய் சொல்லும். வயர்களைக் கழற்றி ஒரு நாள் சும்மா வைக்க வேண்டும். வைத்தேன். பிறகு ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வோர் அறையிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன். உள்ளே ஒரு மிதவை உண்டு. ஆசிட் கெட்டியாக இருந்தால் மேலே மிதக்கும், நீர்த்துப் போயிருந்தால் கீழே போய்விடும். முதல் அறையில் மிதவை எழும்பியது. இரண்டாவதிலும் எழும்பியது. மூன்றாவது, பனி பிடித்திருந்த அறையில், அடியிலேயே கிடந்தது. குழாயைத் தட்டினேன், ஆட்டினேன், மறுபடி உறிஞ்சினேன். எழும்பவில்லை. மற்ற மூன்றும் நன்றாக இருந்தன.

இருந்தாலும் கேரவனுக்குக் கொண்டுபோய் மாட்டினேன். லைட்டைப் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. காதர், "எரியுதே மச்சான்" என்றார், பாவம், சந்தோஷமாகத்தான் சொன்னார். பெர்சியும் வந்து வாசலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் டியூபின் இரண்டு முனையும் சிவந்தன. நடுவில் வெளிச்சம் நடுங்கியது. பிறகு சிவப்பு மட்டும் இருந்தது. பெர்சி தலையை ஆட்டி, "இட்ஸ் ஹேட் இட், டக்" என்றார். கதை முடிந்தது என்று அர்த்தமாம்; வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அது அதை வைத்திருந்தது என்றுதான் வரும். எது எதை வைத்திருந்தது? புதுப் பேட்டரி கிடைக்குமா என்று கேட்டேன். கரண்ட் கட்டுக்குப் பயந்து ஊரே வாங்கித் தீர்த்துவிட்டது, கடையில் ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார்.

"நின்னுச்சா?" என்று ஜைத்தூன் கேட்டாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனாலும் கேட்டாள்.

"அஞ்சு அறை நிக்குது. ஒண்ணு நிக்கல."

"அஞ்சு இருக்குல்ல. அதுல எரியாதா?"

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்தது. ஒண்ணு செத்தா எரியாது."

"நல்லா இருக்குற அஞ்சும் சும்மா கெடக்குமா?"

"அப்படித்தான்."

அவள் கொடியில் காய்ந்த பிள்ளைத் துணிகளை எடுத்து மடித்து, அவிழ்க்காமலே வைத்திருந்த பெட்டியில் செருகினாள். காதர் வெளியே போய் பெர்சியோடு நின்று சிகரெட் பிடித்தார். இருவருக்கும் பேச ஒரு பாஷை இல்லை.

நாற்பது முடிந்ததும் போனார்கள். அவர்கள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பிளாட் இன்னும் வரவில்லை. மகன் பள்ளிக்கூடம் போகிறானாம், அப்பன் பேரைக் கேட்டால் 'லண்டன் அத்தா' என்கிறானாம். நான் லண்டனை அவர்களை ஏரோப்ளேன் ஏற்றிவிட்ட அன்றைக்குப் பார்த்ததோடு சரி. ஊருக்கே திரும்பி வா என்கிறவர்களுக்கு: அங்கே என் இடத்தில் வேறு ஆள் சூளை அடுக்குகிறான். இங்கே இருந்துவிடு என்கிறவர்களுக்கு: எதில் இருப்பது?

கேரவனுக்குப் புதுப் பேட்டரி வாங்கியாகிவிட்டது. நன்றாகச் சார்ஜ் நிற்கிறது. லைட்டைத்தான் நான் அதிகம் போடுவதில்லை, யாருக்காகப் போடுவது? ஊரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கரண்ட் கம்பம் உண்டு. அதன் மேல் இருக்கிற பீங்கான் நான் வேகவைத்தது, என் சூளையில் வந்த சின்னக் கறுப்புப் புள்ளி அதில் இருக்கும். அதன் மேல் போகிற கம்பியில்தான் மகன் படுத்திருக்கிற அறைக்கு வெளிச்சம் போகிறது. அந்தப் பீங்கான் கம்பியைத் தாங்கும், ஆனால் ஒரு சொட்டு கரண்ட் அதற்குள் இறங்காது. அப்படித்தான் அதைச் செய்தோம்.