கனம் குறைத்த துப்பாக்கி

மர்டோ லெய்ட்லாவால் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போன அதே மாதத்தில்தான் பரணில் கிடந்த துப்பாக்கியை இறக்கச் சொன்னார். அவர் மனைவி ஐலா அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, ஏணியில் மூச்சு வாங்கி வாங்கி இறங்கினாள். போர்வையைப் பிரித்ததும் கொட்டகை முழுக்கத் துரு வாடை.

பட்டாளம் கழித்துப் போட்ட துப்பாக்கி. காட்டை அழிக்கும் மான்களை அரசாங்கத்துக்காகச் சுடும் வேலையில் மர்டோ மலையில் திரிந்த காலத்தில் அவர் தோளில் இருந்தது. போல்ட்டை இழுத்துத் தள்ளினால் ஒரு தோட்டா ஏறும். ஹெலிகாப்டரிலிருந்து சுடுபவர்கள் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அதை யாரும் தொடவில்லை.

"எதுக்கு இப்போ?" என்றாள்.

"ஏப்ரல் வந்தா ஆண் மான் ஜோடி தேடிக் கத்த ஆரம்பிச்சிடும். நம்ம டுவாடபெரே ஊர்ல ஆம்பளைங்க எல்லாரும் மலையில இருப்பானுங்க. நான் மட்டும் ஜன்னல் பக்கம் உக்காந்து கேக்கணுமா? ஒரே ஒரு தடவை, ஐலா. ஒண்ணு சுட்டாப் போதும்."

தசைகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய் என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள் ஐலா. இதே நோய்க்காரர்களைக் குளிப்பாட்டியிருக்கிறாள். எது முதலில் போகும், எது பிறகு போகும் என்று அவளுக்குத் தெரியும். போனது திரும்பாது என்றும் தெரியும். ஏப்ரலுக்குள் எவ்வளவு போகும் என்பதுதான் தெரியாது.

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. கம்பிச்சுருளும் எண்ணெயும் வைத்துத் துருவை எடுத்தார்கள். போல்ட்டுக்குப் புது ஸ்பிரிங் போட்டார்கள். தேய்ப்பது அவர், துப்பாக்கி நகராமல் அமுக்கிப் பிடிப்பது அவள். குழல் கறுப்பாக மின்னியது. ஆனால் தூக்கினால் முனை தொங்கிவிட்டது.

மலைக்குப் போன அந்தக் காலத்து ஆட்களிடம் கனத்துக்கு ஒரே வைத்தியம்தான்: அறு. பல் துலக்கும் பிரஷின் காம்பைக்கூட அறுத்துவிட்டுத்தான் மூட்டை கட்டுவார்கள். மர்டோவும் அறுத்தார். குழலை மூடியிருந்த மரத்தைக் கழற்றி எறிந்தார். பழைய கூட்டாளி கிளாரி தன் பட்டறையில் குழலை ஒரு சாண் குட்டையாக்கிக் கொடுத்தார். பின்கட்டையைக் குடைந்து, அரத்தால் ராவி, துடுப்பு மாதிரி ஆக்கினார் மர்டோ.

"டேய், இன்னும் ராவினா பல்லு குத்தத்தான் ஆவும்," என்றார் கிளாரி.

"உன் வாயையும் சேத்து ராவவா?"

கிளாரி சிரிக்கவில்லை. "கனம் கொறஞ்சா சுடறப்போ தோள்ல விழுற உதை கூடும்டா. உனக்கா சொல்லணும்?"

"நான் வாங்காத உதையா?"

"அப்போ அந்தத் தோள்ல சதை இருந்துச்சு," என்றாள் ஐலா. அன்று காலையில்தான் அந்தத் தோளுக்குச் சோப்புப் போட்டிருந்தாள். கோட்டு மாட்டும் கம்பி மாதிரி இருந்தது.

மர்டோ அரத்தைத் தட்டித் தூசி உதிர்த்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறி சரிபார்க்கக் கிளாரியின் மேய்ச்சல் நிலத்துக்குப் போனார்கள். மண்மேட்டில் பெயின்ட் டப்பா மூடியைச் சொருகியிருந்தார் கிளாரி. ஐலா ஆட்டுத்தோலை மடித்து மர்டோவின் தோளில் கட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் துப்பாக்கியைத் தூக்கினார். தானாகவே தூக்கினார். முனை தொங்கவில்லை. பார்த்தாயா என்பதுபோல ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சுட்டார்.

வெடிச் சத்தத்துக்குள்ளேயே இன்னொரு சின்னச் சத்தம் ஐலாவுக்குக் கேட்டது. தோளின் காறை எலும்பு முறிந்தது. கிளாரி பிடிக்கும்முன் துப்பாக்கி புல்லில் விழுந்தது.

"பட்டுச்சா?" என்றார் மர்டோ, முகம் வெளுத்து.

"பட்டுச்சுடா. ஓரத்துல."

கையை மார்போடு கட்டிப்போட்டார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. டாக்டர் பாராட்டக்கூடச் செய்தார். ஏப்ரலில் கட்டை அவிழ்த்தபோது கை மடியில் அப்படியே கிடந்தது. ஐலா அதைத் தூக்கிப் பிடித்து விட்டாள். விழுந்தது. இன்னொரு முறை விட்டுப் பார்க்கவில்லை.

"அவ்வளவுதான், மர்டோ."

"தெரியும்."

மலையில் மான்கள் கத்தத் தொடங்கியிருந்தன. "துப்பாக்கியாவது மலைக்குப் போவட்டும்," என்று மர்டோ அதைக் கிளாரியிடம் கொடுத்தனுப்பினார். வாரக் கடைசியில் கிளாரி மான் இல்லாமல், துப்பாக்கியோடு மட்டும் திரும்பி வந்து, சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது.

"நல்ல மான்டா. ஒரு தடவை சுட்டேன், தப்பிச்சிருச்சு. ரெண்டாவது தடவை விசையை இழுக்க மனசே வரல. நீ ராவின ராவுக்கு இத இனிமே எவனும் சுட முடியாது."

"மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதா?"

"குழலை எங்க ஒட்டுறது?"

மர்டோ ஜன்னல் பக்கம் திரும்பினார். அடுத்த மலையில் ஒரு மான் கத்தியது.

"மாட்டிரு," என்றார்.

ஐலாவின் ஒரு கையில் மசித்த உருளைக்கிழங்குக் கிண்ணம் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தேவைப்படவில்லை; துப்பாக்கிக்கு இப்போது ஒரு கையே போதும். மறு கையால் துப்பாக்கியை எடுத்துக் கதவுக்கு மேலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஆறுது. வாயைத் தெற."