தொடக் கூடாத ஃபோல்டர்

அந்த லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டு வந்தவள் என் மகள். அவள் போன பிறகும் அது வீட்டிலேயே கிடந்தது. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் அவளுக்கு வரவேற்பில் வேலை. சீசன் முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் சாமான்களை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தபோது, வாளி, பாய், ஸ்டவ்வெல்லாம் மற்றவர்களுக்குப் போக, இவளுக்குக் கிடைத்தது இது. பழசு. நல்ல கனம். மடியில் வைத்தால் தொடை சுடும்.

அதே விடுதியில் வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவள் போனாள். வேறு சாதி. அன்று என் வீட்டுக்காரர் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் இருந்த படங்களாகப் பார்த்துக் கிழித்தார். காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா, எதையும் விடவில்லை. நான் தடுக்கவில்லை. அவருக்குப் பயந்து சும்மா இருந்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் நம்புவார்கள். உண்மை என்னவென்றால் எனக்கும் அன்று அவள் மேல் அவ்வளவு கோபம்.

கோபம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவர் வெளியே போயிருந்தபோது லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். விடுதி காமிராவில் எடுத்த படங்களை அதில் போட்டு வைத்திருந்தாள். மாடியில் துணி காயப் போடுகிற என்னைப் பின்னாலிருந்து எடுத்திருந்தாள். கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே எடுத்திருந்தாள், முகத்தில் பாதியைக் காமிரா மறைத்திருந்தது. உலகத்தில் அவள் முகம் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

அதை எங்கே ஒளிப்பது? சிடியில் போட்டால் பீரோவில் வைக்க வேண்டும், பீரோ சாவி அவர் இடுப்பில். பிரவுசிங் சென்டர்காரன் எங்களுக்குத் தூரத்து உறவு, வாய் சும்மா இருக்காது. நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுக்க வந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: எதை வேண்டுமானாலும் தொடுங்கள், விண்டோஸ் என்கிற ஃபோல்டரை மட்டும் தொடாதீர்கள். யாரும் தொடாத இடத்தைவிடப் பத்திரமான இடம் எது? உள்ளே போய்ப் பார்த்தேன். டாலர் குறியில் தொடங்கி, எழுத்தும் எண்ணும் கலந்து, டாலர் குறியிலேயே முடிகிற பெயர்களோடு ஃபோல்டர்கள் வரிசை கட்டி நின்றன. அதே மாதிரி ஒரு பெயர் வைத்து ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, படங்களை எல்லாம் அதற்குள் தள்ளினேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, ஓய்வூதியர் சங்கத்துச் சுற்றறிக்கைகளை அதில்தான் அடித்தார். அவர் கடைத்தெருவுக்குப் போகிற நேரம் என் நேரம். இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது.

பிறகுதான் அந்தச் செய்தி வரத் தொடங்கியது. திரையின் மூலையில் சின்னதாக மஞ்சள் கட்டம்: இடம் இல்லை. அவர் குப்பைத் தொட்டியைக் காலி செய்தார். இரண்டு நாளில் மறுபடி வந்தது. பக்திப் பாட்டுகளை எல்லாம் அழித்தார். அடுத்த வாரம் அந்த இடமும் போய்விட்டது. எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டுகிற வட்டத்தில் நீலம் ஏறிக்கொண்டே வந்தது, காலி இடத்தின் ரோஸ் நிறம் எலுமிச்சைச் சுளை அளவுக்கு வந்து நின்றது. அலுவலகத்தில் விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். மெஷின் தனக்கென்று சேர்த்து வைக்கிறது, புதுசாக ஏதாவது இறங்கினால் பழசையும் விடாது, தன் நேற்றைய நிலைமையை நாளைக்குத் தேவைப்படும் என்று எடுத்து வைக்கும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் சாமான் கால்வாசி, முக்கால்வாசி அதனுடையது, காலி செய்ய வேண்டியது மட்டும் நாமா?

கடைசியில் சுற்றறிக்கையைச் சேமிக்கவே முடியாமல் போனது. அவர் தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். என் கொழுந்தனார் தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். என் மகள் பேரை யாராவது எடுத்தால் இந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவரும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து லேப்டாப் முன் உட்கார்ந்துவிட்டார். படங்களை வேறு இடத்துக்கு மாற்ற எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

அவர் நேராக விண்டோஸ் ஃபோல்டருக்குத்தான் போனார். அதைத் தொடக் கூடாதாமே என்றேன்.

"தெரியாதவங்கதான் தொடக் கூடாது அண்ணி. இந்த டாலர் போட்டது எல்லாம் பழைய அப்டேட்டோட மிச்சம், சும்மா இடத்த அடைச்சிட்டு கெடக்குது" என்றவர், அண்ணன் பக்கம் திரும்பி எடுத்துடலாமா என்று கேட்டார்.

"கொஞ்சம் இடம் வந்தா போதும்டா. எல்லாத்தையுமா எடுக்கணும்?" என்றார் இவர்.

அரைகுறையாக எடுத்தால் மறுபடி ரொம்பிவிடும் என்றார் தம்பி. இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்பார்கள், திறந்து பார்ப்பார்கள், அவள் முகம் அந்தத் திரையில் வரும், பிறகு இந்த வீட்டில் என்ன நடக்குமோ. நான் சுவரைப் பார்த்தேன். கொழுந்தனார் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாத மாதிரி அழித்தார். தேவையில்லாதது என்று அண்ணனின் சீட்டாட்டத்தையும் கழற்றிவிட்டார். வட்டத்தில் பாதி ரோஸ் ஆகிவிட்டது. ஏதாவது தகராறு பண்ணினால் முந்தின தேதிக்கே மெஷினைத் திருப்பிக்கொள்ளலாம் என்று அதற்கும் வழி காட்டிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுப் போனார். அன்றைக்கு நான் குழம்பில் உப்புப் போடவில்லை என்பது ராத்திரி நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. இரண்டு பேருமே ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவர் லேப்டாப் முன் இருந்தார். திரையில் தம்பி காட்டிக் கொடுத்துப் போன காலண்டர். முந்தின நாள் தேதி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அதை அமுக்கினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மெஷின் ஸ்லோவா இருக்கிறது என்றார். படங்களும் திரும்பி வந்துவிடாதா என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை எழுந்தது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் பின்னாலேயே நின்றேன். அணைந்து, எரிந்து, நெடுநேரம் யோசித்து, முந்தின தேதிக்குப் போய்விட்டேன் என்று அது சொன்னது. அவருடைய சீட்டாட்டம் திரும்பி வந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கடைசியாகத் திறந்து பார்த்தவற்றின் பட்டியலை எடுத்து, அதில் ஒரு பெயரை அமுக்கினார். கண்ணாடி முன் அவள் எடுத்துக்கொண்ட படத்தின் பெயர் அது. அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. மறுபடி அமுக்கினார். மெஷின் தன்னுடையதை மட்டும்தான் காப்பாற்றி வைத்திருந்தது.

இவரும் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பார்த்துவிட்டு மூடிய தடத்தைப் பிடித்தே போய், எனக்குத் தெரியாமல், என்னைப் போலவே.

"தெரிஞ்சும் நேத்து ஏங்க சும்மா இருந்தீங்க?" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நீ ஒண்ணும் சொல்லலியே. உன்கிட்டதான் அவ பேசிட்டு இருக்காளே, வேற போட்டோ அனுப்பி இருப்பானு நெனச்சேன்."

"என்கிட்டயா? யாருங்க சொன்னது?"

"யாராச்சும் சொல்லணுமா? அப்பன் மேல கோவம் இருக்கும். அம்மாகிட்டகூடவா பேசாம இருப்பா?"

அதை அவர் இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறார். எனக்கு அலுவலகத்துக்கு அவள் போன் செய்வாள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், தன்னிடம் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குப் பொய்யும் வரவில்லை.

"இல்லீங்க. போனதுலேருந்து ஒரு வார்த்தை பேசல. எந்த ஊர்ல இருக்கானுகூட எனக்குத் தெரியாது."

அவர் அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ அவளுக்குனு இத்தினி நாளா யாரு இருந்தாங்க?" என்று கேட்டார்.