மக்காச்சோளம் அடிக்கப் போன இடங்களில்

மக்காச்சோளம் அடிக்கிற மிஷின்காரனை விதைக்கும்போது யாரும் நினைப்பதில்லை. நல்லதோ கெட்டதோ எல்லாம் முடிந்த பிறகுதான் போன் வரும். டிராக்டர், அறுவடை வண்டி என்று வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். அடுத்தவர் காட்டில் நின்றுகொண்டு கூலியை எப்படிக் கேட்பது என்று நீங்களும் தலையைச் சொறிந்திருப்பீர்கள்.

பூ வந்த நேரம்

குஜிலியம்பாறைப் பக்கம் பொன்னுத்தாயி அக்காவுக்கு மானாவாரிக் காடு. விதைத்ததும் நல்ல மழை. பயிர் ஆள் உயரத்துக்கு நின்றதை நானே அந்த வழியாகப் போகும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் பூ வந்த சமயத்தில் வானம் கையை விரித்துவிட்டது. கதிரை உரித்துப் பார்த்தால் அங்கொரு மணி, இங்கொரு மணி.

களத்தில் கிடந்த குவியலைப் பார்த்ததும் எனக்கு மிஷினைக் கீழே இறக்கவே மனசு வரவில்லை. "இதைக் கையாலேயே உதுத்துரலாமேக்கா, எதுக்கு வெட்டியா வாடகை?" என்றேன். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூடையை எடுத்தார். "ரோட்டுல போறவுகல்லாம் நின்னு பாத்துட்டுப் போன வெள்ளாமை அப்பு இது. மிஷின் சத்தம் கேக்கலைன்னா எழவு வீடு மாதிரி ஊரே வந்து துட்டி விசாரிக்கும். நீ ஓட்டு."

வீடியோ கால்

வத்தலக்குண்டுப் பக்கம் சவரிமுத்து அண்ணனுக்கு மழை குறைவில்லை, கதிரும் நிறைவாகத்தான் பிடித்திருந்தது. ஒடிக்கத்தான் ஆள் இல்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் விடிந்ததும் மில் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அண்ணனும் அவர் மனைவியும் மட்டும் தினம் கொஞ்சமாக ஒடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்காடு முடிவதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. மிச்சக் கதிரெல்லாம் செடியிலேயே முளைவிட்டு, பூஞ்சணம் பூத்துக் கறுத்துப்போனது.

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மகன் வீடியோ காலில் வந்தான். "எப்படிப்பா இருக்கு, காட்டுங்க" என்றான். அண்ணன் போனைக் கறுத்த குவியல் பக்கம் திருப்பவே இல்லை. மிஷினைக் காட்டினார், டிராக்டரைக் காட்டினார், கடைசியில் என்னைக் காட்டினார். நானும் சிரித்து வைத்தேன். "நல்லா இருக்குப்பா, நீ சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். அவராகவே சொன்னார்: "லீவு போட்டு வந்திருக்கலாமேன்னு அவன் அங்கன கெடந்து சோறு திங்காமக் கெடப்பான், தம்பி."

கல் நட்ட காடு

இது பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில். ஆறுச்சாமி அய்யாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, பல வருஷமாக ஒரே காட்டைக் குத்தகைக்கு ஓட்டுகிறார். கோடை தவறாமல் ஆட்டுக்கிடை போட்டு, சாணி எரு அடித்து, சரளைக் காடாகக் கிடந்ததைக் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்கிற மண்ணாக்கி வைத்திருந்தார். நான் அடித்ததிலேயே அவ்வளவு நல்ல மக்காச்சோளம் அதுதான். காலையில் ஆரம்பித்தது, பொழுது சாயும் வரைக்கும் கொட்டிக்கொண்டே இருந்தது. சாக்கு பத்தாமல் பக்கத்துத் தோட்டத்தில் போய் வாங்கி வந்தார்கள்.

எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. "அடுத்த வருசமும் என்னையே கூப்பிடுங்கய்யா" என்றேன். அவர் வரப்புப் பக்கம் கையைக் காட்டினார். வெள்ளையடித்த கல் வரிசையாக நட்டிருந்தது. நிலத்துக்காரர் பிளாட் போட விற்றுவிட்டாராம். கல் நட ஆள் வந்த அன்றைக்குத்தான் இவருக்கே தெரியுமாம்.

அய்யா குனிந்து, காலடியில் கிடந்த மண்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். "ஏனுங்க தம்பி, வெள்ளாமைய வண்டியில ஏத்திட்டுப் போயிறலாமுங்க. இத்தன வருசமாப் போட்ட எருவ எப்படிங்க ஏத்திட்டுப் போறது?"

மக்காச்சோளம் விளைய மழையும் ஆளும் மண்ணும் ஒரே வருஷத்தில் ஒத்துவர வேண்டியிருக்கிறது, அதை அடிக்கிற என் மிஷினுக்கோ டீசல் ஊற்றினால் போதும்.